மேகத்தில் வாழும் சாலமாண்டர்



நான் வாழும் ஊர் திருவண்ணாமலை. கார்த்திகைத் திங்களில் 2,668 அடி உயரமுள்ள எங்கள் மலையின் உச்சியில் தீபம் ஏற்றப்படும் மாலையில், நாடெங்குமிருந்து மக்கள் வந்து கூடுவதை நீங்கள் அறிவீர்கள். மலையையே நெருப்பின் வடிவாகக் கண்டு வணங்கும் ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, அங்கேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றிய நான், இன்று உங்களிடம் நெருப்பைப் பற்றிப் பேச வரவில்லை. நெருப்பில் வாழ்வதாக நெடுங்காலம் தவறாகக் கருதப்பட்டு, உண்மையில் மழையிலும் மேகத்திலும் வாழ்கின்ற ஒரு சிறு பிராணியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதன் பெயர் சாலமாண்டர்.

கிரேக்க நாட்டுப் பேரறிஞர் அரிஸ்டாட்டில், சாலமாண்டர் நெருப்பினூடே நடந்து அதனை அணைத்துவிடும் என்று தம் காலத்தில் வழங்கிய செய்தியைக் குறித்து வைத்தார். அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த ரோமானிய அறிஞர் பிளினி, அதன் உடல் பனிக்கட்டியைப் போலக் குளிர்ந்தது என்றும், தொட்ட மாத்திரத்தில் நெருப்பு அவிந்துவிடும் என்றும் எழுதினார். தீயில் எரியாத ஒருவகைத் துணி சாலமாண்டரின் உரோமத்தால் நெய்யப்பட்டது என்றுகூட ஐரோப்பிய மக்கள் நம்பினர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் கீழ்த்திசை நாடுகளில் பயணம் செய்த மார்க்கோ போலோ, அத்துணி மண்ணிலிருந்து தோண்டியெடுக்கப்படும் ஒரு கனிப்பொருளால் ஆனது என்று விளக்கினார். அக்கனிப்பொருளையே நாம் இன்று கல்நார் என்கிறோம்.

இந்த நம்பிக்கை எப்படித் தோன்றியிருக்கும்? இதற்குப் பொதுவாகக் கூறப்படும் விளக்கம் மிக எளியது. சாலமாண்டர், குளிர்காலத்தில் ஈரமான மரக்கட்டைகளின் பிளவுகளில் ஒடுங்கிக் கிடக்கும். அக்கட்டையை எடுத்து அடுப்பிலிட்டால், சூடு தாங்காமல் அது வெளியே ஓடிவரும். பார்த்தவன், அது நெருப்பிலிருந்தே பிறந்து வந்தது என்று எண்ணிக்கொண்டான். சாகாமல் தப்ப முயன்ற ஓர் உயிரை, நெருப்பில் விளையாடும் உயிர் என்று உலகம் புகழ்ந்தது. கண்ணால் கண்டதும் முழு உண்மையாகிவிடாது என்பதற்கு இதனைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை.

பழங்கால அறிஞர்களின் பிழையைச் சொல்லிவிட்டேன். இனி என் பிழையைச் சொல்ல வேண்டும்.

1986-ஆம் ஆண்டில் நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிற்கு விஞ்ஞானம் கற்பித்துவந்தேன். நீர்நில வாழ்வனவற்றைப் பற்றிய பாடம். அவை மூன்று பெரும் பிரிவினவாகும். வாலில்லாத தவளை, தேரைகள் ஒரு பிரிவு. வாலுள்ள சாலமாண்டர்கள் மற்றொரு பிரிவு. காலே இல்லாது மண்புழுவைப் போன்ற உருவம் கொண்ட சிசிலியன்கள் மூன்றாம் பிரிவு. இதனைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, “சாலமாண்டர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வாழ்பவை, நம் நாட்டில் இல்லை” என்று உறுதியாகக் கூறினேன். அப்போது ஒரு மாணவன் எழுந்தான். ஜவ்வாது மலையின் அடிவாரத்துச் சிற்றூரிலிருந்து வருபவன். “ஐயா, எங்கள் மாமா பட்டாளத்தில் இருக்கிறார். டார்ஜீலிங் பக்கத்தில் மழைக்காலத்தில் குளத்துத் தண்ணீரில் பல்லி மாதிரி ஒன்று நீந்துமாம். அதன் தோலெல்லாம் முடிச்சு முடிச்சாக இருக்குமாம். அது இதுதானா, ஐயா?” என்று கேட்டான்.

நான் சிரித்தேன். “உன் மாமா பார்த்தது பல்லியாகத்தான் இருக்கும். தண்ணீரில் விழுந்திருக்கும்” என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆயினும் அவன் விடவில்லை. காலாண்டுத் தேர்வில், சாலமாண்டர்கள் எங்கு வாழ்கின்றன என்ற கேள்விக்கு, ஐரோப்பா, அமெரிக்கா என்பவற்றோடு “டார்ஜீலிங்” என்றும் எழுதியிருந்தான். சிவப்பு மையால் அதனை அடித்து, அவ்விடைக்குச் சுழியம் இட்டேன்.

ஐந்தாண்டுகளுக்குப் பின், கோடை விடுமுறையில் ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பொன்றிற்குச் சென்றிருந்தேன். பயிற்சி நடந்த கல்லூரியின் நூலகத்தில், இந்தியப் பிராணிகளைப் பற்றிய பெரிய நூல் ஒன்றைப் பொழுதுபோக்காகப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு படம் என் கண்ணில் பட்டது. பழுப்பு நிறம், அகன்ற தலை, உடலின் இருபுறமும் வரிசையாக முடிச்சுகள், நீண்ட வால். அதன் கீழே டார்ஜீலிங் என்று அச்சிட்டிருந்தது. அந்த நூலகத்தில் மின்விசிறி சுழன்றுகொண்டுதான் இருந்தது. எனினும் எனக்கு வியர்த்துவிட்டது.

மாணவர்களே, அந்தப் பிராணியை இனி உங்களுக்கு முறையாக அறிமுகப்படுத்துகிறேன். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் கற்பித்த விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பதாகும். ஆகவே, உங்கள் வீட்டுச் சுவரில் உள்ள பல்லியிலிருந்து தொடங்குவோம்.

உருவத்தால் சாலமாண்டர் பல்லியைப் போன்றதே. ஆனால் பல்லி ஊர்வன இனத்தது. அதன் தோல் உலர்ந்தது, செதில்கள் உடையது. சாலமாண்டருக்குச் செதில் இல்லை. அதன் தோல் ஈரமானது. பல்லியின் விரல்களில் நகங்கள் உண்டு. சாலமாண்டரின் விரல்களில் பொதுவாக நகங்கள் இல்லை. பல்லிக்கு ஒவ்வொரு காலிலும் ஐந்து விரல்கள். நம் சாலமாண்டருக்கோ முன்கால்களில் நான்கும் பின்கால்களில் ஐந்தும் உள்ளன. பல்லி, ஓடுள்ள முட்டையை உலர்ந்த இடத்தில் இடும். இமயமலைச் சாலமாண்டரோ, பளிங்கு போன்ற கூழ் சூழ்ந்த முட்டைகளை நீரிலுள்ள செடிகளில் ஒட்டி வைக்கும். அம்முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு மீனைப் போல நீந்தும். அதன் கழுத்தின் இருபக்கமும் இறகு போன்ற செவுள்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

தவளையின் தலைப்பிரட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்கு முதலில் பின்கால்கள் வெளிப்படும். சாலமாண்டரின் குஞ்சிற்கு முன்கால்களே முதலில் தோன்றும். தலைப்பிரட்டை பெரும்பாலும் பாசியைச் சுரண்டித் தின்னும். சாலமாண்டரின் குஞ்சு தொடக்கத்திலிருந்தே வேட்டையாடும். நீரிலுள்ள நுண்ணிய பிராணிகளைப் பிடித்துண்ணும். தவளை வளரும்போது வால் மறைந்துவிடும். சாலமாண்டருக்கு வால் வாழ்நாள் முழுவதும் உடனிருக்கும். இன்னொரு வியப்பும் உண்டு. பல சாலமாண்டர் இனங்களில், இழந்த கால் எலும்போடும் நரம்போடும் மீண்டும் முளைக்கிறது. பல்லிக்கு முளைக்கும் புதுவாலில் முதுகெலும்புக் கண்ணிகள் அமைவதில்லை. சாலமாண்டருக்கோ காலே முழுமையாகத் திரும்புகிறது. இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை உலகின் பல ஆய்வுக்கூடங்களில் இன்றும் ஆராய்ந்து வருகிறார்கள்.

இமயமலைச் சாலமாண்டர் சுமார் ஒரு சாண் நீளமுள்ளது. தலையின் மேல் எலும்பு வரம்புகள் எழுந்து நிற்கும். உடலின் இருமருங்கிலும் உள்ள முடிச்சுகளில் நச்சுச் சுரப்பிகள் உள்ளன. அதனால் பகைவர் எளிதில் அதனை உண்ணத் துணிவதில்லை. மண்புழு, பூச்சி, நத்தை போன்றவை அதன் உணவு. குளிர்காலத்தில் கல்லின் அடியிலும், மட்கிய மரத்தின் அடியிலும், மண் பிளவுகளிலும் அசையாது கிடக்கும். வசந்தம் கழிந்து மழை தொடங்கியதும், மெல்ல எழுந்து குளத்தை நோக்கி நடக்கும். அங்கே இணை தேடி, முட்டையிட்டு, மழை ஓயும்போது மீண்டும் கரையேறும். பிறந்த குளத்திற்கே ஆண்டுதோறும் திரும்பும் பழக்கம் சாலமாண்டர் குலத்தில் பரவலாகக் காணப்படுகிறது. இதனை நினைவில் வையுங்கள். இதற்கு மீண்டும் வருவேன்.

இனி, இது ஏன் மேகத்தில் வாழ வேண்டும் என்று பார்ப்போம். நாம் மூக்கின் வழியாக இழுக்கும் காற்று நுரையீரலுக்குச் செல்கிறது. இப்பிராணிக்கும் நுரையீரல் உண்டு. எனினும், அதன் தோலும் மூச்சுவிடுகிறது. தோல் ஈரமாக இருந்தால்தான் காற்றிலுள்ள பிராணவாயு அதில் கரைந்து இரத்தத்தில் கலக்கும். அமெரிக்கக் கண்டங்களின் மேகக் காடுகளில் நுரையீரலே இல்லாத சாலமாண்டர்கள் பல உள்ளன; அவை தோலாலும் வாயின் உட்புறத்தாலும் மட்டுமே சுவாசிக்கின்றன. அத்தகைய உயிருக்குத் தோல் உலர்வது என்பது மூச்சு நிற்பதாகும்.

மேகக் காடு என்பது யாது? காற்று மலைச்சரிவில் மேலேறும்போது குளிர்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. குளிர்ந்த காற்று, தான் சுமந்துவந்த நீராவியைத் தாங்கமாட்டாமல் நுண்ணிய துளிகளாக விட்டுவிடுகிறது. குளிர்ந்த நீர் உள்ள எவர்சில்வர் டம்ளரின் வெளிப்புறத்தில் நீர் முத்துக்கள் அரும்புவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? காற்றிலுள்ள நீராவி அங்கே குளிர்ந்து நீராவதே அதற்குக் காரணம். மலையில் இவ்வாறு உண்டாகும் மேகம், காட்டினுள்ளேயே புகுந்து உலவுகிறது. மரங்களின் இலைகளும், கிளைகளைப் போர்த்திய பாசியும் அம்மேகத்தை வடிகட்டித் துளித்துளியாகத் தரையில் சொட்டவிடுகின்றன. மழை பெய்யாத நாளிலும் காட்டுத்தரை நனைந்திருக்கும்.

2018-ஆம் ஆண்டில் நான் ஓய்வு பெற்றேன். மறு ஆண்டு ஜூன் மாதத்தில் நானும் என் மனைவியும் ரயிலேறி நியூ ஜல்பாய்குரி சென்று, அங்கிருந்து மலையேறினோம். ஆண்டிற்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் நாடு அது. திருவண்ணாமலைக்குக் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு என்று சொல்லலாம். கூம் என்னும் ஊரைக் கடந்தபோது நண்பகல். ஆயினும் எதிரே வந்த வண்டிகள் விளக்கேற்றிக்கொண்டு வந்தன. மேகம் சாலையின் மீதே படுத்திருந்தது. “நம் ஊரில் மலையின்மேல் மேகம் தங்கினால் எல்லோரும் அண்ணாந்து பார்ப்போம். இங்கே மேகத்துக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறார்களே!” என்றாள் என் மனைவி.

டார்ஜீலிங்கிலிருந்து சில மைல் தொலைவில் சுக்கியா போக்ரி என்ற ஊர் உள்ளது. அதனருகே, சுமார் 7,400 அடி உயரத்தில், ஜோர் போக்ரி என்னும் இரட்டைக் குளங்கள் உள்ளன. ஜோர் என்றால் இணை. போக்ரி என்றால் குளம். சாலமாண்டருக்காகவே அவ்விடத்தை அரசினர் சரணாலயமாக அறிவித்திருக்கின்றனர். புலிக்கும் யானைக்கும் சரணாலயம் அமைத்த நாட்டில், ஒரு சாண் நீளமுள்ள பிராணிக்கும் ஒரு சரணாலயம் இருப்பதை எண்ணி நான் பெருமைப்பட்டேன்.

ஆனால், நான் அப்பிராணியை நேரில் கண்டது அங்கேயன்று. தேயிலைத் தோட்டத்தை அடுத்த ஒரு சிற்றூரில், பெயர் சொல்லும்படியான சிறப்பு எதுவுமில்லாத ஒரு குட்டையில். உள்ளூர்த் தொடக்கப்பள்ளியின் ஆசிரியர் ஒருவர் எங்களை அழைத்துச் சென்றார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் அரைமணி நேரம் பேசாமல் நின்றோம். பின்னர், நீர்ச்செடிகளினிடையே ஒரு பழுப்பு உருவம் மெல்ல மேலெழுந்து, ஒரு முறை காற்றை விழுங்கிவிட்டு, மீண்டும் கீழே இறங்கியது. இருபுறமும் முடிச்சுகள் தெளிவாகத் தெரிந்தன. அந்தப் பட்டாளத்துக்காரர் முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் சொன்னது எழுத்துக்கு எழுத்து மெய்யாக இருந்தது.

திரும்பும் வழியில் அந்த ஆசிரியர் ஒரு மைதானத்தைக் காட்டினார். அங்கேயும் முன்னாளில் ஒரு குட்டை இருந்ததாம், மண்ணிட்டு நிரப்பிவிட்டார்களாம். “நிரப்பிய பிறகும் இரண்டு மூன்று ஆண்டுகள், மழை தொடங்கியதும் அவை வந்துகொண்டிருந்தன. தண்ணீர் இருந்த இடத்தில் சுற்றிச் சுற்றி வரும். பிறகு வரவில்லை” என்றார். பிறந்த குளத்திற்கே திரும்பும் பழக்கத்தைச் சற்றுமுன் சொன்னேனல்லவா? அப்பழக்கமே அவற்றிற்குக் கேடாய் முடிந்தது. குளம் போய்விட்டது என்பதை அவற்றிற்கு யார் சொல்வது?

இப்பிராணியின் பெயர் வரலாறும் அறியத்தக்கது. கல்கத்தாவிலுள்ள இந்திய அருங்காட்சியகத்தின் முதல் தலைவராக இருந்த ஜான் ஆண்டர்சன், 1868-இல் சீனத்தின் யுன்னான் பகுதிக்குச் சென்ற ஆய்வுப் பயணத்தில் கலந்துகொண்டார். அங்கு கிடைத்த முடிச்சுத்தோல் சாலமாண்டருக்கு 1871-இல் டைலோட்டோட்ரைட்டான் வெருக்கோசஸ் என்று பெயரிட்டார். வெருக்கோசஸ் என்றால் மருக்கள் நிறைந்தது என்பது பொருள். டார்ஜீலிங்கில் வாழ்வதும் அதே இனம் என்றே நூற்றாண்டுக்கு மேலாக நூல்கள் கூறிவந்தன. 2015-ஆம் ஆண்டில் நேபாளம், சீனம், இந்தியா ஆகிய நாடுகளின் ஆராய்ச்சியாளர்கள் கூடி, கிழக்கு நேபாளத்தின் இலாம் பகுதியில் கிடைத்தவற்றின் உடலமைப்பையும் மரபணுக்களையும் ஒப்பிட்டு, இமயமலையின் இப்பகுதியில் வாழ்வது தனியினம் என்று நிறுவி, அதற்கு ஹிமாலயானஸ் என்று பெயர் சூட்டினர். ஆகவே, ஒரு வகுப்பறை ஆசிரியன் மட்டும் பிழை செய்யவில்லை. பெரிய நூல்களும் திருத்தப்படுகின்றன. திருத்தப்படுவதற்கு இடம் வைத்திருப்பதே விஞ்ஞானத்தின் உயர்வு.

‘டார்ஜீலிங்கில் உள்ள பிராணி நம் நீலகிரியில் ஏன் இல்லை?’ என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. நம் தென்னாட்டு நிலம், பன்னெடுங்காலத்திற்கு முன் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் முதலியவற்றோடு இணைந்திருந்த பெருங்கண்டத்தின் ஒரு துண்டு. அது பிரிந்து வடக்கே நகர்ந்து, சுமார் ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவுடன் மோதியது. அந்த மோதலில் எழுந்ததே இமயமலை. சாலமாண்டர்கள் பெரும்பாலும் வடதிசைக் கண்டங்களின் குடிகள். அவை ஆசியப் பக்கத்திலிருந்து இமயத்தின் கிழக்குச் சரிவு வரை வந்தன. அதற்குத் தெற்கே உள்ள வெப்பமான சமவெளியைக் கடக்க அவற்றால் இயலவில்லை.

எனினும், நம் மலைகள் வறியவை என்று எண்ணிவிடாதீர்கள். நீலகிரி, பழனி, ஆனைமலை ஆகியவற்றின் உயர்ந்த பள்ளத்தாக்குகளில் உள்ள சோலைக் காடுகளும் மேகத்தில் நனைபவையே. அங்கு வாழும் சிறு புதர்த்தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை. ஈரமான இலையிலோ மண்ணிலோ இட்ட முட்டைக்குள்ளேயே வளர்ந்து, முழுத் தவளைக்குஞ்சாக வெளிவரும். குளமே தேவைப்படாத அவற்றிற்கு மேகத்தின் ஈரமே குளம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மண்ணுக்குள் சிசிலியன்கள் வாழ்கின்றன. அங்கேயே ஊதா நிறத் தவளை ஒன்று 2003-ஆம் ஆண்டில் விஞ்ஞான உலகிற்கு அறிமுகமாயிற்று. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்துவிட்டு, மழை தொடங்கும்போது சில நாள் மட்டுமே அது வெளியே வரும். அதன் நெருங்கிய உறவினர் இந்துமாக்கடலின் நடுவே உள்ள செசல்ஸ் தீவுகளில் உள்ளனர். பிரிந்துபோன கண்டத்தின் கதையை இத்தவளை தன் உடலிலேயே எழுதி வைத்திருக்கிறது.

அத்தவளையின் உடன்பிறப்பான மற்றோர் இனம் நம் ஸ்ரீவில்லிப்புத்தூர் மலைப்பகுதியில் கண்டறியப்பட்டு, 2017-இல் பூபதி என்ற பெயரைப் பெற்றது. கோயம்புத்தூரிலுள்ள சலீம் அலி பறவையியல் மையத்தில் பணியாற்றி, 2014-ஆம் ஆண்டில் அகத்தியர் மலையில் களப்பணியின்போது உயிர் நீத்த ஊர்வன ஆய்வாளர் சுப்பிரமணியம் பூபதி அவர்களின் நினைவாக வைக்கப்பட்ட பெயர் அது. ஒரு தவளையின் பெயரால் நினைவுகூரப்படுவது சிறுமை என்று நினைக்காதீர்கள். மன்னர் பலருக்கும் கிடைக்காத பேறு அது.

இந்த உயிர்களுக்கு இப்போது நேர்ந்துள்ள இடர்கள் பல. மத்திய அமெரிக்காவில் கோஸ்டாரிக்கா என்றொரு நாடு உண்டு. அங்கே மான்ட்டிவெர்டி என்னும் மேகக் காட்டில், பொன்னிறத் தேரை ஒன்று வாழ்ந்தது. 1987-ஆம் ஆண்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தேரைகள் மழைக்குட்டைகளில் கூடியதைக் கண்டவர்கள் பதிந்துள்ளனர். 1989-இல் ஒன்றே ஒன்று காணப்பட்டது. அதற்குப் பின் ஒன்றும் காணப்படவில்லை. அவ்வினம் அழிந்துபட்டதாக 2004-இல் அறிவிக்கப்பட்டது. வறண்ட பருவமும், தோலைத் தாக்கும் ஒருவகைப் பூஞ்சணமும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. தோலால் மூச்சுவிடும் உயிருக்குத் தோல்நோய் எத்தகையது என்பதை நான் விளக்க வேண்டுவதில்லை. பின்னர் ஐரோப்பாவில் நெதர்லாந்து நாட்டுச் சாலமாண்டர்களைக் கொன்ற மற்றொரு பூஞ்சணத்தை 2013-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் விவரித்தனர். அது ஆசியாவில் தோன்றி, வளர்ப்புப் பிராணி வாணிகத்தின் வழியே அங்குச் சென்றிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. ஒரு நாட்டுப் பிராணியைப் பெட்டியில் அடைத்து மற்றொரு நாட்டிற்கு அனுப்பும்போது, அதனோடு கண்ணுக்குத் தெரியாத கொலைகாரனையும் அனுப்பிவிடுகிறோம்.

இமயமலைச் சாலமாண்டருக்கோ இடர்கள் இன்னும் அருகிலேயே உள்ளன. குட்டைகள் தூர்க்கப்படுகின்றன. தோட்டங்களில் தெளிக்கும் மருந்தும், துணி துவைக்கும் சோப்பு நீரும் எஞ்சிய குட்டைகளில் கலக்கின்றன. குட்டையில் மீன் வளர்த்தால் அவை சாலமாண்டரின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடுகின்றன. நாட்டு மருந்துக்கென்று அதனைப் பிடிப்பவரும் உள்ளனர். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் காப்பளிக்கிறது. டார்ஜீலிங்கில் 1958-இல் தொடங்கப்பெற்ற விலங்கியல் பூங்காவிலும், இனப்பெருக்கம் செய்து காக்கப்படும் இமயமலை உயிர்களில் சாலமாண்டர் ஒன்றாக இருக்கிறது. ஆயினும், சட்டத்தாலும் பூங்காவாலும் மட்டும் ஒரு குட்டையைக் காப்பாற்ற முடியாது. அதன் கரையில் வாழ்பவர்கள்தாம் காப்பாற்ற முடியும்.

நம் ஊர்களுக்கும் இது பொருந்தும். எங்கள் கோயிலுக்குள்ளே சிவகங்கைத் தீர்த்தமும் பிரம்ம தீர்த்தமும் உள்ளன. மலையைச் சுற்றிவரும் பாதையோரத்திலும் குளங்கள் பல உண்டு. ஐப்பசி மழையின் முதல் இரவில் எங்கள் ஊர்க் குளங்களில் தவளைகள் எழுப்பும் ஒலியைக் கேட்டு வளர்ந்தவன் நான். முன்பு கேட்ட சில இடங்களில் இப்போது அவ்வொலி கேட்பதில்லை. நீங்கள் உங்கள் ஊரில் ஒன்று செய்யலாம். ஒரு குறிப்பேட்டில், முதல் மழை பெய்த நாள், முதல் தவளை ஒலி கேட்ட நாள், கேட்ட குளத்தின் பெயர் ஆகியவற்றை ஆண்டுதோறும் எழுதி வாருங்கள். காசு செலவில்லை, கருவி வேண்டாம். பத்தாண்டுகள் எழுதினால், உங்கள் ஊரைப் பற்றி எந்த நூலிலும் இல்லாத ஒன்றை நீங்கள் அறிந்திருப்பீர்கள்.

இறுதியாக, அந்த மாணவனின் செய்தியைச் சொல்லி முடிக்கிறேன். உண்மையை அறிந்த ஆண்டிலிருந்து, சாலமாண்டர் பாடம் நடத்தும்போதெல்லாம், “முன்பு நான் இதனைத் தவறாகக் கற்பித்தேன்” என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லி வந்தேன். ஆனால் அதனைக் கேட்க வேண்டியவன் அங்கே இல்லை. டார்ஜீலிங்கிலிருந்து திரும்பிய சில மாதங்களில், கார்த்திகைத் தீபத்தன்று, கூட்டத்தில் ஒருவர் என் கையைப் பற்றி, “ஐயா, நல்லா இருக்கீங்களா?” என்றார். தலை நரைத்திருந்தது, எனினும் முகத்தை அறிந்துகொண்டேன். அவன்தான். மாமாவைப் போலவே பட்டாளத்தில் சேர்ந்து, ஓய்வு பெற்று, ஊரில் பயிர்செய்து வருகிறான். நான் அங்கேயே நின்று, சாலமாண்டரைக் கண்டதையும், அன்று அவன் சொன்னதே சரி என்பதையும், நான் சிரித்தது தவறு என்பதையும் சொன்னேன்.

அவன் சிறிது நேரம் யோசித்தான். “அந்தப் பிராணியின் பெயரே மறந்துபோச்சுங்க, ஐயா” என்றான். பிறகு தயங்கி, “சுழியம் போட்டீங்களே, அது மட்டும் நினைவிருக்கு. அதற்கப்புறம் நான் வகுப்பில் கேள்வியே கேட்டதில்லை” என்றான்.

அவன் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னான். ஆனால், மலையுச்சியில் தீபம் எரிந்த அந்த நேரத்தில் என் கண்கள் நிறைந்துவிட்டன. ஒரு குட்டையைத் தூர்த்தவர்களை நான் குறை கூறிவந்தேன். ஒரு மாணவனின் உள்ளத்தில் ஊறிக்கொண்டிருந்த ஊற்றை நானே தூர்த்திருக்கிறேன்.

மாணவர்களே, உங்களில் பலர் நாளை ஆசிரியர்களாவீர்கள். உங்கள் முன் எழுந்து நின்று ஒரு பிள்ளை நம்பமுடியாத ஒன்றைச் சொன்னால், “இல்லை” என்று சொல்லாதீர்கள். “பார்த்துச் சொல்கிறேன்” என்று சொல்லுங்கள், சொன்னபடியே பாருங்கள். இன்று மாணவர்களாக இருக்கும் உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் ஆசிரியர் இல்லை என்றாலும், நீங்கள் கண்டதையும் கேட்டதையும் கைவிட்டுவிடாதீர்கள். பணிவோடு மறுபடியும் கேளுங்கள். டார்ஜீலிங் மலையில் இப்போதும் மழை தொடங்கியதும் ஒரு சிறு பிராணி, தன் குளம் இருக்கும் என்ற நம்பிக்கையோடு நடந்து வருகிறது. அது வரும்போது குளம் அங்கே இருக்க வேண்டும்.